மூன்றும் ஆறும்

ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். திருவட்டாற்றில் புது வீடு கட்டிய அஜிதா, அந்த வீட்டுக்கு நெட் வயர் இழுத்த ரசலையனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. அடுக்களைச் சுவரில் தொங்கும் சபைக் காலண்டரின் செப்டம்பர்த் தாளில், ஓரமாகப் பென்சிலால் அதை எழுதி வைத்திருந்தான். மாதம் மாறினபோது அக்டோபர்த் தாளுக்கு மாற்றி எழுதினான். இப்போது நவம்பர்த் தாளில் இருக்கிறது. அதே தாளில் கடைசி ஞாயிற்றைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தான். பெங்களூரில் பேத்திக்கு அன்றைக்கு ஞானஸ்நானம்.

பேத்தியின் விரலுக்கு அரை கிராமில் ஒரு மோதிரம் எடுக்க வேண்டும். பணம் அதற்குத்தான். கோட்டாற்றில் ஒரு நகைக்கடையில் மூன்று தடவை ஏறி விலை கேட்டாயிற்று. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். சம்பந்தி வீட்டார் செயின் போடுகிறார்களாம். அம்மாவழித் தாத்தா ஆலயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியுமா.

அஜிதா ஏமாற்றுகிறவள் இல்லை. கேட்ட முன்பணத்தை மறுபேச்சு இல்லாமல் தந்தவள். ஆனால் மாடி லைன் சரியில்லை என்கிறாள்.

"அண்ணா, நீங்க வாறிய, டெஸ்டரை வச்சுப் பாக்கிய, எட்டு லைட்டும் எரியுதுண்ணு சொல்லிட்டுப் போறிய," என்றாள் போனில். "நேத்து மீட்டிங்குல மூணு தடவ போச்சு. எனக்கு வேலை போனா நீங்க சோறு போடுவியளா?"

"மக்கா, வரிசை தப்பாம எரியுது. அதுக்கு மேல வயரு வாயைத் தொறந்தா சொல்லும்?"

"ஒருத்தரு மட்டும் பேசுனா ஒண்ணும் இல்ல. நானும் பேசி அவியளும் பேசும்போதாக்கும் ஒடைஞ்சு ஒடைஞ்சு போவுது. மோடம் சரியில்லைண்ணு நீங்கதான சொன்னிய? நாலாயிரத்தி இருநூறு குடுத்துப் புதுசு வாங்கியாச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. நான் பாக்கியைத் தரமாட்டேண்ணு சொல்லல்ல. லைனைச் சரியாக்குங்க, அந்த நிமிசமே போடுகேன்."

"காலத்த வாறேன்," என்றான் ரசலையன்.

போனை வைத்ததும் வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான். யாராவது கூப்பிட்டால் அந்தக் கொஞ்ச நேரம் வீடு வீடாக இருக்கும். மற்ற நேரத்துக்கு அவன் டிவியைப் போட்டுவிடுவான். பார்க்க மாட்டான். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அவன் சோற்றை வடிப்பான், மீன் இருந்தால் குழம்பு வைப்பான், இல்லையென்றால் மோரும் ஊறுகாயும். சோறு அளக்கிறபோது கை இன்னமும் இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் குடிப்பான்.

நேசபாய் பெங்களூருக்குப் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. மகள் பிரீனாவுக்கு பிரசவ லீவு முடிந்தது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மாவைவிட வேறு ஆள் யார் இருக்கிறார்கள். ரசலையனும் ஒரு தடவை போய்ப் பார்த்தான். ஒரு படுக்கையறை கொண்ட வீடு. நான்கு நாள் ஹாலில் படுத்தான். மருமகன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இவன் காலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் ஊரில் வேலை கிடக்கிறது என்று சொல்லி வண்டி ஏறிவிட்டான். வேலை கிடந்ததும் உண்மைதான்.

மறுநாள் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பையில் கிரிம்பர், வெட்டுக்கத்தி, கனெக்டர் டப்பா, டெஸ்டர், கண்ணாடி. கனம் ஒன்றும் அதிகமில்லை. ஆனாலும் தோள் இழுத்தது. முன்பெல்லாம் கனெக்டர் டப்பாவும் சாப்பாட்டுப் பாத்திரமும் நேசபாயின் கையில் இருக்கும்.

அந்த வீட்டுக்குத் திட்டம் போட்ட நாளில் அவளும் கூட இருந்தாள். செங்கல் வேலை முடிந்து பூச்சு தொடங்காத நேரம். ரசலையன் உடைந்த ஓட்டுத் துண்டை எடுத்துச் சுவரில் கோடு கீறிக்கொண்டே போனான். மோடம் மாடிப்படிக்கு அடியில். அங்கிருந்து ஆறு லைன். வாசல் கேமரா, பின்பக்கக் கேமரா, ஹால் டிவி, இரண்டு படுக்கையறை, மாடியில் அஜிதா உட்கார்ந்து வேலை பார்க்கிற அறை. இடையில் கான்கிரீட் கிடப்பதால் அந்த அறைக்கு வைஃபை ஏறாது. அதனால்தான் வயரே. கரண்ட் பைப்புக்கும் இந்தப் பைப்புக்கும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். திரும்புகிற இடத்தில் முழங்கை மாதிரி மடக்காமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் அவன் சொல்வான். கேட்க வேண்டியதைக் கேட்கிறது நேசபாய்.

"மேசையை எந்தப் பக்கம் பாத்துப் போடுவிய மக்கா? ஜன்னலைப் பாத்தா, சுவரைப் பாத்தா?"

"அதை இன்னும் யோசிக்கல்ல அக்கா."

"இப்பமே யோசியுங்க. பூசுனதுக்கப்புறம் இவரு சுவரை வெட்டுனா உங்களுக்கும் சங்கடம், இவருக்கு முதுகும் போவும். பிறகு வீட்டுல வந்து எண்ணெய் போட்டுத் தேய்க்க நாந்தான் கெடக்கேன்."

அஜிதா சிரித்தாள். ஜன்னலைப் பார்த்து என்று முடிவாயிற்று. கட்டிலைக் கேட்டு, டிவியைக் கேட்டு, பிள்ளை பிறந்தால் தொட்டில் எங்கே வரும் என்பதுவரை நேசபாய் கேட்டுவிட்டாள். அஜிதாவின் மாப்பிள்ளை கத்தாரில். தொட்டில் என்றதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நேசபாயும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வயரின் முனையில் கனெக்டர் போடுகிறது நுணுக்கமான வேலை. மேல்தோலைச் சீவினால் உள்ளே நூல் கனத்தில் எட்டு வயர். நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் முழு நிறத்தில் ஒன்று, வெள்ளை கலந்தது ஒன்று. அந்த இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கைப் பிரித்து, நீட்டி, வரிசையாக அடுக்கி, நுனியை ஒரே மட்டத்தில் வெட்டி, நகத்தளவு கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பரால் இறுக்க வேண்டும். ரசலையனுக்குப் பக்கத்துப் பார்வை மங்கிய பிறகு நேசபாய்தான் இதைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வரிசையைச் சொல்வான், அவள் அடுக்குவாள். அவள் கையில் அது பூத் தொடுக்கிற மாதிரி நடக்கும்.

அஜிதா வீட்டில் ஐந்து லைன், நேசபாய் பெங்களூருக்குப் போன பிறகு அவனே தட்டுத்தடுமாறிப் போட்டது. மாடி லைன் மட்டும் நேசபாய் போட்டது. வண்டிக்கு முந்தின நாள் அது.

"நீளமான லைன் இதுதான். இதையாவது போட்டுத் தந்துட்டுப் போறேன். இல்லைண்ணா மேலயும் கீழயுமா ஏறி எறங்கி நீங்க படுத்திருவிய," என்று சொல்லிப் பெட்டி கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவன் அப்போது கூரைப் பக்கம் ஏணியில் நின்று வாசல் கேமராவுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். வரிசையைச் சொல்ல அவன் பக்கத்தில் இல்லை. இத்தனை வீடு போட்டவளுக்குச் சொல்ல வேண்டுமா என்றும் இருந்துவிட்டான்.

அதனால்தான் அஜிதா குறை சொன்னபோது அவனுக்குச் சுருக்கென்று இருந்தது. மற்ற ஐந்தில் எதையாவது சொல்லியிருந்தால் உடனே வெட்டிப் போட்டிருப்பான். நேசபாய் போட்ட முனையில் தப்பு வராது. மோடம்தான் என்று அவன் அடித்துச் சொன்னது அந்தத் தைரியத்தில்தான். இந்தக் குறை விஷயத்தை அவன் நேசபாயிடம் சொல்லவும் இல்லை. பணம் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோதெல்லாம், அஜிதாவின் மாப்பிள்ளைக்குச் சம்பளம் தள்ளிப் போகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தான்.

வீட்டுக்குப் போனபோது அஜிதா கதவைத் திறந்துவிட்டுக் கையால் சைகை காட்டினாள். காதில் ஹெட்போன். யாருக்கோ இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டே படியேறிப் போனாள். பத்து நிமிஷம் கழித்து மேலே கூப்பிட்டாள்.

"ஒரு மணிக்கூர் எனக்கு ஃப்ரீ. அதுக்குள்ள பாத்திருங்க அண்ணா."

டெஸ்டருக்கு இரண்டு துண்டு உண்டு. ஒன்றை மேசைப் பக்கத்து முனையில் செருகிவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். முன்பு நேசபாய் கீழே நின்று எரிகிற விளக்கை எண்ணிக் குரல் கொடுப்பாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வீடு முழுக்கக் கேட்கும். எட்டு முடிந்ததும், "செரி, எறங்கி வாங்க, சாயா ஆறுது" என்பாள். இப்போது அவனே செருகி, அவனே இறங்கி, அவனே பார்த்தான். ஒன்றிலிருந்து எட்டுவரை பச்சை விளக்கு ஒழுங்காக ஓடியது. நான்காவது தடவையாக.

சரி, முனையை மாற்றிப் போட்டுவிட்டுப் போவோம், அதற்கு மேல் என்ன செய்ய என்று கத்தியை எடுத்தான். படிக்கு அடியில் எப்போதும் இருட்டு. டார்ச்சை வாயில் கவ்வி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு வயரில் மாடி வயரைத் தேடினான். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் சுற்றிப் பேர் எழுதியிருந்தது. 'வாசல்', 'பின்பக்கம்', 'டிவி' எல்லாம் அவன் எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த கை. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் ஒரு ஆள் நடந்து போகலாம். மாடி வயரில் மட்டும் நேசபாயின் சாய்ந்த எழுத்து. 'மாடி, அஜிதா மேசை' என்று கோத்துக் கோத்து எழுதியிருந்தாள்.

வெட்டுவதற்கு முன்னால் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவன் பழக்கம். மஸ்கட்டில் வேலை படித்த காலத்தில் காகிதத்தில் இருந்ததை அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தது. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கனெக்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"ஆரஞ்சு வெள்ளை. ஆரஞ்சு. பச்சை வெள்ளை. நீல..."

நான்காவதாக நீலம் இல்லை. பச்சை இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பச்சை வெள்ளையும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில். அப்புறம் நீல வெள்ளையும் நீலமும். அப்புறம் தவிட்டு நிறம் இரண்டும். ஒவ்வொரு நிறமும் அதனதன் துணையோடு, கண்ணுக்கு நல்ல ஒழுங்காக இருந்தது. மேலே போய் மேசைப் பக்கத்து முனையைப் பார்த்தான். அதுவும் அப்படியே.

அவனுக்கு விளங்கிவிட்டது. மஸ்கட்டில் ஒரு மலையாளி ஃபோர்மேன் இதற்காகவே ஒரு மாடி முழுக்க முனைகளை வெட்டி எறியச் சொன்னார். மூணும் ஆறும் ஒரு ஜோடி, அதை மறந்தவன் என்கிட்ட வேலைக்கு வரண்டாம் என்று கத்தினார். பேச்சு போகிறதற்கு ஒரு ஜோடி, வருகிறதற்கு ஒரு ஜோடி. மூன்றாவது இடத்தில் பச்சை வெள்ளை, ஆறாவது இடத்தில் பச்சை. நடுவில் நீலம் இரண்டும் நிற்கும். பச்சையும் பச்சை வெள்ளையும் வயர் நெடுக முறுக்கிக்கொண்டு வந்து, கடைசி அரை விரல்கடையில் மட்டும் விலகி நிற்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பச்சை இரண்டையும் சேர்த்து வைத்தால், மூன்றும் ஆறும் வேறு வேறு முறுக்கில் போய்விடும். போகிற பேச்சு வருகிற பேச்சில் இடிக்கும். டெஸ்டருக்கு இது தெரியாது. ஒரு முனையில் இருக்கிற வரிசை மறுமுனையிலும் இருந்தால் அதற்குப் போதும், எட்டையும் எரித்துக் காட்டும்.

ஒரு நாள் நேசபாய் கேட்டாள். "மத்ததெல்லாம் சோடியா நிக்குது. இந்தப் பச்சையை மட்டும் எதுக்குப் பிரிச்சு நிப்பாட்டுதிய? பாவம்லா." அவன் கவனம் வேறெங்கோ இருக்க, "அது அப்படித்தான்ட்டி, வை," என்று சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து வரிசை சொன்னவரைக்கும் அவள் சொன்னபடி வைத்தாள். சொல்ல ஆள் இல்லாத அன்றைக்கு, மனது வேறு எங்கேயோ இருந்த அன்றைக்கு, கை அதற்குத் தோன்றினபடி சேர்த்து வைத்துவிட்டது.

இரண்டு முனையையும் வெட்டினான். வெட்டின துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புதிதாக அடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. மேல்முனையில் ஒரு தடவை நீலம் நழுவி, மறுபடி வெட்டிப் போட வேண்டியிருந்தது. டெஸ்டரை வைத்தான். முன்னே எரிந்த மாதிரியே எட்டும் எரிந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை.

"பேசிப் பாருங்க மக்கா," என்றான்.

அஜிதா கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். இவள் தமிழில் எண்ண, அந்தப் பெண் இந்தியில் எண்ணினாள். ஐந்து, பத்து, இருபது. ஒருவர் குரலில் ஒருவர் குரல் இடிக்காமல் இரண்டும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டது. முப்பதில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ரசலையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

"கொள்ளாம் அண்ணா, சரியாயிட்டு," என்றாள் அஜிதா. "என்னவாக்கும் இருந்துச்சு?"

முனையை மாற்றிப் போடும்போதே ஒரு பதிலை அவன் தயார் செய்து வைத்திருந்தான். ஈரம் இறங்கி முனை களிம்பு பிடித்திருந்தது, மழைக்காலம்லா என்று சொன்னால் யார் மறுத்துச் சொல்வார். ஏழாயிரத்து முந்நூற்று நாற்பதும் கைக்கு வரும். நேரே கோட்டாற்றுக்கு வண்டி ஏறலாம். அவள் போனைக் கையில் எடுத்துப் பணம் போடுகிற இடத்தைத் திறந்துவிட்டாள். மேசை ஓரத்தில், வயர் சுற்றி வைத்த பழைய மோடம் கிடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

"வயரை அடுக்குனதுல தப்பு," என்றான். "எங்க தப்புதான். மோடத்துல ஒண்ணும் இல்ல மக்கா. நான் வீணா உங்களை வாங்க வச்சிட்டேன். அந்த நாலாயிரத்தி இருநூறைக் கழிச்சிட்டுத் தாங்க."

அஜிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாளோ என்று அவனுக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. அவளுக்கும் வீட்டுக் கடன் இருந்தது.

"அப்ப மூவாயிரத்தி நூத்தி நாப்பது. செரியா அண்ணா?"

"செரி."

"யாரு அடுக்குனது, நீங்களா?"

"நாந்தான்."

"அக்கா இருந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாவ," என்றாள் அஜிதா, போனைத் தட்டிக்கொண்டே.

"ஆமா மக்கா. அவ இருந்தா கண்டுபிடிச்சிருப்பா."

அவன் போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. அஜிதா கீழே வந்து சாயா போட்டுத் தந்தாள். தந்துவிட்டு நேரமாயிற்று என்று மாடிக்கு ஓடினாள். அடுக்களையில் தனியாக நின்று அவன் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேலே பார்த்து வாறேன் மக்கா என்றான். மேலே அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு உடையாமல் போய்க்கொண்டிருந்தது. அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் நேசபாய் கூப்பிட்டாள். அந்த நேரத்துக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் ஒழியும். பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"சோறு பொங்கியாச்சா?"

"ஆச்சு."

"கூட்டான் என்ன?"

"சாளை மீனு."

"நெசமாவா? இல்ல, மோரை ஊத்திட்டு எனக்குச் சாளைண்ணு சொல்லுதியளா?"

அவன் சிரித்தான். மோர்தான்.

"அஜிதா பணம் தந்தாளா?"

"தந்தா. இண்ணைக்குப் போயி வாங்கியாச்சு."

"முழுசுமா?"

"இனி ஒரு பைசா பாக்கி இல்ல."

"நான் போட்ட மாடி லைன் எப்படி ஓடுது?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். வெட்டின இரண்டு முனையும் அங்கேதான் இருந்தன.

"நல்லா ஓடுது. ரெண்டு பேரு சேந்து பேசுனாலும் தெளிவாக் கேக்குது. நான் நிண்ணு கேட்டேன்."

"பாத்தியளா. நீங்க போட்டிருந்தா நாலு தடவ வெட்டிப் போட்டிருப்பிய."

"ஆமாட்டி."

"அப்ப நாளைக்கு மோதிரம் எடுத்திருங்க. வெலை ஏறிக்கிட்டே போவுதாம், பிரீனா சொன்னா."

அவன் காலண்டரைப் பார்த்தான். "தங்கம் நமக்கு எட்டாதுட்டி. வெள்ளியில ஒரு காப்பு எடுக்கேன்."

அந்தப் பக்கம் பிள்ளை தட்டுகிறது மட்டும் கேட்டது.

"ஏழாயிரத்துக்கு மேல இருந்துச்சே," என்றாள் நேசபாய்.

"இருந்துச்சு."

அவள் மேலே கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் அவன் எப்போது பேச்சை இப்படி நிறுத்துவான் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவளும் அதே நேரம் ஏதோ தொடங்கினாள். இரண்டு பேருமே நிறுத்திக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல, நீ சொல்லு."

"வெள்ளி போதும்ண்ணு சொல்ல வந்தேன். என்ன போட்டாலும் இவ வாயில வச்சுக் கடிக்கத்தான போறா. நீங்க வெள்ளிக்கெழம வண்டிய விட்டிராதிய. போர்வை எடுத்துக்கிடுங்க, இஞ்ச ஹாலுல குளிரு." பிள்ளை அழத் தொடங்கியது. "வைக்கேன். பிறகு கூப்பிடுகேன்."

பிறகு கூப்பிட அவளுக்கு நேரம் கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும்.

டிவியைப் போட்டான். அடுக்களைக்கு வந்து, சட்டைப் பையில் இருந்த இரண்டு முனைகளையும் எடுத்து, வெட்டின துண்டுகள் கிடக்கிற பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டான். காலண்டரில் செருகியிருந்த பென்சிலை உருவினான். தொகையின் மேல் ஒரு கோடு இழுத்தான். ஏழின் தலையில் தொடங்கி, கடைசிச் சுழியம்வரை கோடு நேராக வந்தது. வட்டம் போட்ட ஞாயிறு அதற்குக் கீழே அப்படியே இருந்தது.